வளையல் இல்லாத பாட்டு

மார்ச் ஒன்பது, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால். இரண்டாம் மாடி ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒலிப்பதிவாளர் திரையைப் பார்க்கிறார். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு ஹெட்போனில் இறந்துபோன அம்மாவின் பாட்டைக் கேட்கிறார்கள். மாவு பிசைந்தபடியே அம்மா பாடியது. அடிக்கு அடி கை வளையல்கள் குலுங்கும். இப்போது குரல் இருக்கிறது. வளையல் கேட்க வேண்டிய இடத்தில் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல ஒரு மங்கல் இரைச்சல். “போன்ல இடமில்லைன்னு சுருக்கி எம்பி3 ஆக்கிட்டு ஒரிஜினலை அழிச்சிட்டேன்,” என்கிறான் அண்ணன். “ஆனா நேத்து திரும்பப் பெரிய வேவ் ஃபைலா மாத்திட்டேன் சார். சைஸ் பழையபடி வந்துடுச்சே!” ஒலிப்பதிவாளர் திரையில் விரல் வைக்கிறார். கீழே வண்ணக் கோடுகள் அடர்ந்திருக்கின்றன. மேலே, வளையல் மாதிரி மெல்லிய சத்தங்கள் தெரிய வேண்டிய இடத்தில், கத்தியால் வெட்டியதுபோல் ஒரே கறுப்பு. “சுருக்குறப்பவே மெல்லிசான சத்தமெல்லாம் போயிடுச்சு தம்பி. பெருசாக்கினா சைஸ்தான் வரும். கறந்த பால் மடி புகுமா?” தங்கை திரும்பாமலே கேட்கிறாள்: “போன்ல எதுக்கு அண்ணா அந்த இடம்?” “கார் ரேஸ் வீடியோவுக்கு.” “நல்லா ஓட்டின போ.” அவன் அவள் மணிக்கட்டைப் பார்க்கிறான். சன்னல் வெயில் வளையல்களில் பட்டுச் சுவரில் ஆடுகிறது. “அது அம்மாவோடதுதானே? நீ ஆட்டு, பதிஞ்சு சேர்த்துடலாம்.” அவள் மறு கையால் வளையல்களைப் பொத்திக்கொள்கிறாள். “வளையல் அம்மாவோடது. கை என்னோடதாச்சே, அண்ணா.” ஒலிப்பதிவாளர் பெரிய வேவ் ஃபைலை அழிக்கிறார், சிறிய எம்பி3யை அவள் கைபேசியில் ஏற்றிக் கொடுக்கிறார். அது இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஓடுகிறது.