வலது ஓரம்

மேடையின் நடு நாற்காலியில் உட்கார்ந்ததும் குமாஸ்தாவுக்கு முதலில் தோன்றியது, இதில் உட்கார்ந்துகொண்டு எப்படி நாட்டை ஆள்கிறார்கள் என்பதுதான். அப்படி வழுக்கியது.

தலைநகரின் ஆண்டு விழாவுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. இன்று முழு ஒத்திகை. நாட்டின் தலைவர் ஒத்திகைக்கெல்லாம் வரமாட்டார். அதற்காகக் காலி நாற்காலிக்குக் குதிரைப்படை சல்யூட் அடிக்க முடியுமா? ஆகவே, தலைவரின் உயரமும் தலைவரின் தொப்பையும் கொண்ட ஓர் அரசு ஊழியரைத் தேடி எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை போனது. குடிநீர் வாரியத்தில் இவர் அகப்பட்டார்.

இத்தனை வருட உத்தியோகத்தில் அவருடைய எந்தத் திறமையையும் கண்டுகொள்ளாத அரசாங்கம், தொப்பையை மட்டும் உடனே அங்கீகரித்தது.

உத்தரவில் போட்டிருந்த பெயர் 'மாற்றுத் தலைமை இருக்கையாளர்'. எல்லோரும் கூப்பிட்டது டம்மி.

"படை வரும்போது எழுந்து நிக்கணும், கையை நெத்திக்குக் கொண்டு போகணும், அவ்வளவுதான் சார்," என்றார் விழா அதிகாரி. "தலை மட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பவே கூடாது. கேமரா இருக்கு."

"மூக்கு அரிச்சா?"

"தலைவருக்கு அரிக்காது சார்."

வேறு சமயமாக இருந்தால் குமாஸ்தா மூட்டுவலி என்று சொல்லித் தப்பித்திருப்பார். ஒரே ஒரு காரணத்துக்காக ஒப்புக்கொண்டார். அணிவகுப்பில் வரும் பெண்கள் படையில் அவருடைய மகள் இருந்தாள்.

மூன்று வருடமாக அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. படையில் சேரப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, 'போனால் இந்த வாசலை மிதிக்காதே' என்று ஒரு வசனம் பேசிவிட்டார். கேட்க நன்றாக இருக்கும் என்று நினைத்துப் பேசியது. அவள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே உத்தரவை மீறாத பிள்ளை. பின்னே எதற்குப் படையில் எடுத்தார்கள்?

அதன்பிறகு மனைவி மகளோடு போனில் பேசும்போதெல்லாம், அவர் பக்கத்து அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். சத்தமில்லாமல் இருந்தால் நாலு வார்த்தை காதில் விழும்.

"மேடைகிட்ட வந்ததும் 'வலப்பக்கம் பார்'னு கட்டளை குடுப்பாங்க. அவ என்னைப் பார்த்துதான் ஆகணும்," என்று நேற்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

"பெத்த பொண்ணு மூஞ்சியைப் பார்க்க நாட்டுக்கே தலைவராக வேண்டியிருக்கு உங்களுக்கு," என்றாள் அவள், பாத்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல். ஆனாலும் சாயங்காலம் போனில் மகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கமிருந்து ஒரு 'ம்' மட்டும் வந்தது.

மேடைக்கு முன்னால் காலைப் பனி விலகியது.

முதலில் குதிரைகள் வந்தன. மூக்கிலிருந்து ஆவி விட்டபடி, பளபளவென்று, நிலத்தை மிதிப்பதே பூமிக்குச் செய்யும் உபகாரம் என்பதைப் போல. அடுத்து, பூவால் மூடிய ஊர்திகள். ஒத்திகைக்கே நிஜப் பூ. வானத்தில் விமானங்கள் வண்ணப் புகையைக் கோடிழுத்துக்கொண்டு போக, மேடையின் பலகைகள் அதிர்ந்தன. முரசின் ஒவ்வோர் அடியும் விலா எலும்புக்குள் வந்து விழுந்தது.

வருடா வருடம் டிவியில் இதைப் பார்த்து 'எல்லாம் நம்ம வரிப்பணம்' என்று கொட்டாவி விடுகிறவர், இன்று திறந்த வாயை மூட மறந்தார்.

இதெல்லாம் நாற்காலிக்கு, தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கண் கலங்கியது. நிஜத் தலைவருக்கு அந்த வித்தியாசத்தை யார் சொல்வார்கள் என்று ஒரு கணம் அவருக்காகப் பரிதாபப்பட்டார்.

பெண்கள் படை வந்தது.

நூறு பூட்ஸுகளுக்கும் ஒரே சத்தம். மூன்றாவது வரிசையில், வலது ஓரத்தில், மேடைக்கு வெகு பக்கத்தில் அவள். அம்மாவின் மூக்கு. அவருடைய நெற்றி.

எழுந்து கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

கட்டளை முழங்கியது. அத்தனை தலைகளும் ஒரே வெட்டில் திரும்பின. அவள் தலையும் திரும்பியது. கண்ணுக்கு நேராகக் கண். அந்த வரிசை மட்டும், யாரோ சுண்டிவிட்ட நூலைப் போல, லேசாக நெளிந்தது.

அவர் தலையைத் திருப்பவில்லை. அவள் கடந்து பார்வைக்கு வெளியே போய்விட்டாள்.

பார்த்துவிட்டாள், சரி. ஆனால் எல்லோரும்தான் பார்த்தார்கள். கட்டளை போட்டால் தூணைக்கூடப் பார்ப்பார்கள். மனைவி சொன்னது இப்போதுதான் சுருக்கென்றது.

அப்போது ஒலிபெருக்கியில் பயிற்சியாளரின் குரல் வெடித்தது.

"மூணாவது வரிசை, வலது ஓரம்! உன்னை யாரும்மா பார்க்கச் சொன்னது? மத்தவங்கதான் தலையைத் திருப்பணும். ஓரத்துல நடக்கிறவ நேரா முன்னாடி பார்த்து நடந்தாத்தானே வரிசை வளையாம வரும்? முதல் நாள்லேருந்து தொண்டை கிழியக் கத்தறேன். பின்னாடி போங்க, எல்லாரும் பின்னாடி போங்க!"

விழா அதிகாரி நெளிந்தார். "மன்னிச்சுக்கோங்க சார், அவங்க மட்டும் இன்னொரு தடவை வருவாங்க. கையை இறக்கிக்கோங்க, வலிக்கும்."

குமாஸ்தா கையை இறக்கவில்லை.

மறுபடியும் முரசு. மறுபடியும் கட்டளை. நூலிழை பிசகாமல் வரிசைகள் வந்தன. மூன்றாவது வரிசையின் வலது ஓரம், விதிப்படி, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு அவரைக் கடந்தது.

"சார்... தலை," என்று கிசுகிசுத்தார் விழா அதிகாரி. "சார், கேமரா... தலை."

சாலை முடிந்து படை திரும்புகிற வரைக்கும் அந்தத் தலை அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.