ஒட்டகச்சிவிங்கியின் முதலிடம்

சாலை ஓட்டத்தில் ஒட்டகச்சிவிங்கிதான் முன்னால் வந்தது. முடிவுக்கோட்டுக்கு அப்பால் தலையை நீட்டியதுமே, வென்றுவிட்ட பூரிப்பில் அப்படியே நின்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தது. அதற்குள் சேவல் அதன் கால்களுக்கிடையே புகுந்து கோட்டைத் தாண்டிவிட்டது.

"சேவலுக்கு முதலிடம்!" என்றது நடுவர் ஆமை.

"என்னய்யா அநியாயம்? என் தலை அப்போதே வந்துவிட்டதே!" என்றது ஒட்டகச்சிவிங்கி.

"தலை வந்தது தம்பி, மார்பு வரவில்லையே. மார்பு கோட்டை எட்டும் நொடிதான் ஓட்டத்தில் கணக்கு. உன்னுடையது இன்னும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது."

"அண்ணே, கழுத்துக்குத் தனியாக ஒரு பரிசு கேட்டுப் பாருங்களேன்!" என்று சேவல் சீண்டியது.

ஒட்டகச்சிவிங்கி தலை குனியவில்லை. உடம்பை நிதானமாகக் கோட்டைத் தாண்டிக் கொண்டுவந்தது.

"இருக்கட்டுமடா. நீ ஜெயித்து வந்ததை இங்கே முன்கூட்டியே வந்து நின்று பார்த்தவன் யார்? நான்தானே!"