மூலைக்கு ஒரு ஆள்

அறுப்பு இயந்திரம் வரப்போரம் உறுமிக்கொண்டு நிற்கிறது. அது உள்ளே இறங்கித் திரும்புவதற்கு வயலின் மூலைகளை முதலில் கையால் அறுத்துவிட வேண்டும். ஊர்ப் பெண்கள் வரிசை கட்டி அறுத்த வயலில் இப்போது ஆட்களுக்கு மிச்சம் இந்த மூலைகள்தான். வந்திருப்பது ஓரகத்திகள் இருவர். "போன்ல ஒரு ஆள் போதும்னு வந்திருக்கு. மூலைய எல்லாம் அதுவே அளந்து பாத்துச் சொல்லுது" என்கிறான் வண்டி ஓட்டுகிறவன். "நீ எறங்குடி. என் முட்டி வீங்கியிருக்கிறது அந்த போனுக்கும் தெரிஞ்சுபோச்சு போல" என்று மூத்தவள் சிரித்துக்கொண்டே வரப்பில் நின்றுவிடுகிறாள். இளையவள் குனிகிறாள். டீசல் புகைக்கு நடுவே நெல்தாள்கள் கரகரவென்று அறுபடுகின்றன. வியர்வை கண்ணில் இறங்குகிறது, துடைக்க அவள் நிற்பதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு இடப்பக்கத்து வரிசை மூத்தவளுடையது. மூத்தவள் பின்தங்கினால் இவள்தான் கை நீட்டி அதிலும் நாலு பிடி அறுத்துக் கொடுப்பாள். மூலை முடிந்து இளையவள் நிமிரும்போது, அவளுக்கு இடப்பக்கம், அறுத்த தரைக்கு நடுவே ஒரே ஒரு வரிசை கதிரோடு நிற்கிறது.

"அது யாருக்கும்மா விட்டு வச்சிருக்க?" என்று ஓட்டுகிறவன் கேட்கிறான்.

இளையவள் வரப்பைப் பார்க்கிறாள். மூத்தவள் அரிவாளை முந்தானையில் சுற்றிக்கொண்டு சாலைப் பக்கம் திரும்பி நிற்கிறாள். அந்த வரிசையையும் இளையவள் அறுத்து முடிக்கிறவரை மூத்தவள் திரும்பவே இல்லை.