பத்தாவது விரல்

காலை ஒன்பது பத்துக்குச் செண்பகவல்லி, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும், தான் திருத்திய கம்பைலரை ஓடவிட்டாள். எதிரே தம்பி உலகநாதன் தன் இரண்டு செயற்கைக் கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தான்.

கைகள் பொருத்தி மூன்று வருடம். இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் அசைந்ததே இல்லை. நரம்பு இன்னும் பழகவில்லை என்றார் டாக்டர். "பயிற்சி பண்ணாம அசையுமா? சோம்பேறி!" என்று தினமும் திட்டினாள் அவள்.

நேற்றுதான் கண்டுபிடித்தாள். பத்து விரல்களின் பட்டியலைக் கை நிரலின் ஒரு பகுதிக்கு அனுப்பும்போது, அவள் எழுதிய கம்பைலர் பட்டியலின் நீளத்தை அளக்காமல், அது நினைவகத்தில் இருக்கும் இடத்தின் முகவரியை அளந்திருக்கிறது. முகவரியின் அளவு எப்போதும் எட்டு. கட்டளையும் எட்டாவது விரலோடு நின்றுவிட்டது; ஒன்பதாவதும் பத்தாவதுமான அந்த இரண்டு விரல்களுக்குப் போகவே இல்லை.

திருத்தம் நாலே வரி. இதே கைகளோடு வாழும் நாற்பதாயிரம் பேருக்கு அது போகும்.

புதிய நிரல் கைகளுக்குள் இறங்கியது. மோதிர விரல் மெல்ல எழுந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியாடா, உன் அக்கா யாருன்னு!"

சின்ன வயதில் சண்டை போட்டால் செய்வதுபோல, உலகநாதன் சுண்டுவிரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"உன்கூட டூ. மூணு வருஷமா சோம்பேறி சோம்பேறின்னியேக்கா, இப்ப சொல்லு, யாரு சோம்பேறி?"