கீழ்வீட்டுக் குழாய்

ணங்... ணங்... ணங்.

கீழ்வீட்டிலிருந்து சுவரோரமாக ஏறிவரும் வெந்நீர்க் குழாய் அதிர்ந்தது. யானினாவின் வீட்டுக் கூடத்தில் பாடிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளும் சட்டென்று நிறுத்தினார்கள்.

"கீழ்வீட்டுக் கிழவி ஆரம்பிச்சிட்டா" என்றான் லியவோன். "அத்தை, அவளுக்குக் காது மட்டும் எப்படி இவ்ளோ நல்லாக் கேக்குது?"

"வாயை மூடுடா."

யானினா தொலைக்காட்சியைப் போட்டாள். ஓரமாக இருந்த கேக்கை மேசை நடுவே இழுத்து வைத்தாள். சனிக்கிழமைதோறும் அந்த வீட்டில் ஒரு கேக் இருக்கும். யாராவது கேட்டால், பிறந்தநாள்.

உண்மையில் அங்கே நடப்பது பாடம். பெலாரஸ் மொழிப் பாடம்.

நாட்டுக்கும் மொழிக்கும் பெயர் ஒன்றுதான். ஆனாலும் ஹ்ரோட்னா நகரத்தில் கடையிலும் பேருந்திலும் பள்ளியிலும் ரஷ்ய மொழிதான் புழங்கும். சொந்த மொழியில் பேசுகிறவரை அரசாங்கத்தின் எதிரி என்றுதான் போலீஸ் பார்க்கும். பக்கத்துத் தெருவில் இப்படிச் சொல்லிக்கொடுத்த ஒருத்தியை வசந்தத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் திரும்பவில்லை.

யானினாவின் வீட்டில் ஒரே ஒரு விதி. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டால், மறுபடி மாட்டும்வரை ரஷ்ய மொழி கூடாது.

கீழ்வீட்டு ஜினாயிதா பாவ்லோவ்னாவுக்கோ அந்த மொழி வாடையே ஆகாது என்பது கட்டடம் முழுக்கத் தெரிந்த விஷயம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்கு அவள்தான் தலைவி. விடுமுறை நாளில் அவள் பால்கனியில் அரசாங்கக் கொடி பறக்கும். அவளுக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் லிஃப்ட் பழுதானபோது, உருளைக்கிழங்கு மூட்டையோடு படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றாள். யானினா வெறுங்கையோடு அவளைத் தாண்டி ஏறிப் போனாள்.

அழைப்புமணி அடித்தது.

கதவைத் திறந்தால், அந்தப் பகுதிப் போலீஸ் அதிகாரி ஹ்ரின்கேவிச்.

"இங்க ஏதோ பள்ளிக்கூடம் நடக்குதாமே? பேர் சொல்லாம ஒரு போன் வந்தது."

"பள்ளிக்கூடமா? பிறந்தநாள் சார்."

அவர் உள்ளே வந்தார். கேக்கைப் பார்த்தார். குழந்தைகளைப் பார்த்தார். அங்கிருந்தவர்களிலேயே சின்னவளான உல்யானாவின் முன் குனிந்தார்.

"யாருக்குப் பாப்பா பிறந்தநாள்?"

உல்யானா தன் பாதங்களைக் குனிந்து பார்த்தாள். காலுறை மட்டும்தான் இருந்தது. விதி விதிதானே. சுத்தமான பெலாரஸ் மொழியில் பதில் சொன்னாள்:

"எனக்குத்தான் மாமா."

அதிகாரி மெல்ல நிமிர்ந்தார்.

"இந்தப் பாஷையை யாரு கத்துக்குடுத்தது?"

யானினா உல்யானாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தான் போவது ஒருபக்கம் இருக்கட்டும். இந்த ஆறு பேரின் அப்பா அம்மாவையும் அல்லவா கூப்பிடுவார்கள்?

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சிரைத்துக்கொண்டு வந்து நின்றாள் ஜினாயிதா பாவ்லோவ்னா.

"ஒருவழியா வந்தீங்களா ஹ்ரின்கேவிச்? என் தலை வெடிச்சப்புறம் வரலாம்னு இருந்தீங்களோ?"

"நீங்களா போன் பண்ணினது?"

"இந்தக் கட்டடத்துல வேற யாரு பண்ணுவா? வாரத்துக்கு ஒரு பிறந்தநாள். இதுங்க குதிக்கிற குதியில என் கூரை விளக்கு ஊஞ்சலாடுது."

"பள்ளிக்கூடம்னு சொன்னீங்களே?"

"பள்ளிக்கூடம் மாதிரி இரைச்சல்னேன். உங்க ஆபீஸ்ல போன் எடுக்கிறவன் பாதித் தூக்கத்துல இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?"

அதிகாரியின் முகம் தளர்ந்தது. ஆனாலும் உல்யானாவைக் காட்டினார். "இது பேசுற பேச்சு?"

"கோடை முழுக்கக் கூட்டுப்பண்ணையில தாத்தாகிட்ட விட்டிருப்பாங்க. மாட்டுத்தொழுவப் பேச்சு, வேறென்ன வரும்? நாலு நாள் டிவி பார்த்தாத் தானா சரியாயிடும்."

அதிகாரி சிரித்துவிட்டார்.

மாட்டுத்தொழுவப் பேச்சு. யானினாவுக்குக் காது எரிந்தது. பதில் நாக்கு நுனிவரை வந்தது. உல்யானாவைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டாள்.

"என்ன பார்த்துட்டு நிக்கிறே?" என்றாள் ஜினாயிதா. "அவருக்கு ஒரு துண்டு வெட்டிக் குடு. மரியாதை தெரியாதவ."

கேக்கைத் தின்றுவிட்டு, "சத்தத்தைக் குறைச்சுக்கங்க. உங்கள மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும் ஜினாயிதா பாவ்லோவ்னா" என்று சொல்லிக்கொண்டே அதிகாரி கிளம்பினார். லிஃப்ட் இறங்கும் ஓசை தேய்ந்து நின்றது.

ஜினாயிதா மட்டும் போகவில்லை.

"இப்ப திருப்தியா உங்களுக்கு?" என்றாள் யானினா. "குழந்தைங்க இருக்கிற வீட்டுக்குப் போலீஸை அனுப்பியாச்சு. இன்னும் என்ன வேணும்?"

ஜினாயிதா படிக்கட்டை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

பிறகு பேசினாள். ரஷ்ய மொழியில் அல்ல. அந்த மாட்டுத்தொழுவப் பேச்சில்.

"போன் பண்ணினது யாருன்னு எனக்கும் தெரியாதும்மா. போலீஸ் வண்டி முற்றத்துல நுழையறது என் ஜன்னல்லதான் தெரியும். அதான் ஒவ்வொரு தடவையும் குழாயைத் தட்டறேன். தட்டினா உடனே நிறுத்திடுங்க. மத்த நேரத்துல பிள்ளைங்களைக் கொஞ்சம் சத்தமாவே பாடச் சொல்லு. கீழே எனக்குச் சரியாக் கேக்க மாட்டேங்குது."