எழுதாத தாள்

பழைய ஹோட்டல்களின் கடிதத் தாள்களைச் சேகரிக்கும் அமீர்ஜானிடம், மரகதவல்லி தன் கணவரின் பெட்டியிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்துக் கொடுத்தாள். முப்பது வருடங்களுக்கு முன் மலை விடுதியொன்றில் தங்கியிருந்தபோது ஏரியில் மூழ்கி இறந்தவர் அவர்.

“எல்லாம் எழுதாத தாளுங்க.”

முதல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த அமீர்ஜான் தயங்கினார். “இல்லம்மா. இதுக்கு மேல இருந்த தாள்ல அழுத்தி எழுதிக் கிழிச்சிருக்காங்க. தடம் இருக்கு.”

“படிக்க முடியுமா?”

பென்சிலைப் படுக்கவைத்து மெல்லத் தேய்த்தார். கருமைக்குள் வெள்ளையாக ‘வல்லிக்கு’ என்று எழுந்தது. அடுத்த வரியில், ‘இது நானாக எடுத்த முடிவு.’

அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். “கால் வழுக்கி விழுந்துட்டார்னுதான் பிள்ளைங்ககிட்ட சொல்லி வளர்த்தேன்.”

தடம் இருப்பதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அமீர்ஜானுக்குத் தோன்றியது. பென்சிலை வைத்துவிட்டார்.

அவள் அதை எடுத்து, மூன்றாவது வரியைத் தேய்க்கத் தொடங்கினாள்.