நாற்பத்தொரு முருகன்கள்

மாடிப்படிக்கு அடியில் நிறுத்தியிருந்த சர்வர் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது.

மாலை மட்டும் வேண்டாம் என்று, அதை மாட்ட வந்திருந்த சுஹைல் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். காற்று போகும் ஓட்டைகளைப் பூ அடைத்துவிட்டால் பெட்டி சூடாகி நின்றுவிடுமாம்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் மருத்துவமனையின் ஐந்து கம்ப்யூட்டர்களும் அந்தப் பெட்டியோடு சேர்ந்துவிட வேண்டும் என்று டாக்டர் நாறும்பூநாதன் சொல்லியிருந்தார்.

சித்ரலேகா லேப்பை விட்டு வெளியே வரவில்லை.

இரண்டு வருடமாக ரத்தப் பரிசோதனை முடிவுகள் லேப் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன. தட்டுவதும் அவள்தான், திறந்து பார்ப்பதும் அவள்தான். நேற்று லீவு போட்டுவிட்டுத் திருச்செந்தூர் போயிருந்தாள். இன்று காலை வந்து பார்த்தால், மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த இந்த சுஹைல் அவ்வளவையும் ஃப்ளாப்பிகளில் எடுத்து சர்வருக்குள் போட்டு முடித்திருந்தார். அவளுடைய கம்ப்யூட்டரில் எதுவும் மிச்சமில்லை.

இனி எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் யாருடைய ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அதைத்தான் டாக்டர் காலையிலிருந்து எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த முடிவுகளின் நாலாயிரம் வரிகளில் ஒரு வரி பொய்.

எய்ட்ஸ் பரிசோதனைக்குச் செலவாகும் ஒவ்வொரு கிட்டுக்கும் எதிரே ஒரு பெயர் இருந்தாக வேண்டும். அது டாக்டரின் விதி. போன கார்த்திகையில் ஒரு கிட்டுக்கு எதிரே உண்மையான பெயரைப் போட அவளால் முடியவில்லை. முருகன் என்று தட்டினாள். வண்ணார்பேட்டை முக்கில் நின்று முருகா என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் அந்த ஆள் மறைந்துகொள்ளலாம் என்று நினைத்தாள்.

வெளியே தெரிந்தால் அந்த ஆளுக்கு வேலை இருக்காது. வீடு இருக்காது. செத்தால் கருப்பந்துறைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போக நாலு பேர் வரமாட்டார்கள்.

மாடிப்படிக்கு அடியில் பெட்டி ஒருமுறை கீச்சிட்டது. பிறகு ஒரே சீராக இரையத் தொடங்கியது.

அவளுடைய மேஜைக்குப் பின்னால் கறுப்பு வயர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போனது. ஐந்து கம்ப்யூட்டருக்கும் அந்த ஒரே வயர்தான். காலையிலேயே சுஹைல் எல்லோரையும் எச்சரித்திருந்தார்.

"எல்லாம் கைகோத்து நிக்கிற மாதிரி. நடுவுல ஒரு ஆளு கையை விட்டாலும் அம்புட்டு பேரும் விழுந்துருவாங்க. யாரும் வயரைத் தொட்டுராதீங்க."

பத்து மணி பத்து நிமிடத்துக்கு அவள் மேஜைக்குப் பின்னால் கையை விட்டாள்.

ரிசப்ஷனில் பிரியாவின் திரை அப்படியே நின்றுவிட்டது. மருந்துக் கடையிலும் நின்றுவிட்டது.

வயரைத் தடவிக்கொண்டே சுஹைல் அறை அறையாக வரும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு பீரோவை இழுத்தார்கள். பிறகு லேப் கதவு திறந்தது. அவர் முழங்காலிட்டு மேஜைக்குப் பின்னால் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"இது தானா கழலாதுக்கா. அமுக்கித் திருகுனாத்தான் வரும்."



நேரமாகிறது என்று டாக்டர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். சுஹைல் வயரை மறுபடி மாட்டினார். அது சின்னச் சத்தத்தோடு பொருந்தியது.

எல்லோரையும் ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டார்கள்.

புதுப் பேனா வாங்கினாலும், புது நோட்டுப் பிரித்தாலும் டாக்டர் முதலில் எழுதிப் பார்ப்பது ஒரே பெயரைத்தான். எட்டு வருடமாகச் சித்ரலேகா அதைப் பார்த்து வருகிறாள். அந்த நிமிடம்வரை நினைவுக்கு வரவில்லை.

"முருகன்னு அடிம்மா" என்றார் டாக்டர் பிரியாவிடம்.

நாற்பத்தொரு முருகன்கள் திரையில் இறங்கினார்கள்.

கைதட்டினார்கள். ஆறுபடை வீட்டுக்கும் அனுப்பியது போக மிச்சமிருக்கும் என்றார் கம்பவுண்டர். பெயர், வயது, ஆணா பெண்ணா என்பதற்கு ஓர் ஆங்கில எழுத்து. திரையில் அவ்வளவுதான். ஒரு பெயரில் நின்று எண்டரைத் தட்டினால்தான் முடிவு வரும். பிரியாவின் சுண்டுவிரல் எண்டர் மேலேயே இருந்தது.

ஒவ்வொரு முருகனாக இறங்கி வந்தவள் முப்பதைத் தாண்டி ஓரிடத்தில் நின்றாள்.

"ஸார், இங்கன பாருங்க. இந்த முருகன் பொம்பளையாம்லா."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வள்ளியைப் போட வேண்டிய இடத்தில் முருகனைப் போட்டுவிட்டாயா என்று டாக்டர் சித்ரலேகாவைக் கேட்டார். அவரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வந்து திருத்தும்படி சொல்லிவிட்டு, சுண்டல் கொடுக்கும் பக்கம் திரும்பினார்.

பிரியா எழுந்து இடம் விட்டாள்.

பெயரை மட்டும்தான் அன்று மாற்றியிருந்தாள். மற்ற கட்டங்களில் விரல்கள் பழக்கத்தில் உண்மையையே தட்டிவிட்டிருந்தன. லேப்பில் அன்று வேறு யாரும் இல்லை. ரப்பர் குழாயைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டி, வலது கையில் ஊசியோடு தன் இடது கையில் நரம்பு தேடிய மத்தியானம் அது.

பெண் என்பதற்கான எஃப் எழுத்தை அழித்து எம் போட்டாள்.

எழப் போனபோது நாற்காலிக்குப் பின்னால் சுஹைல் நின்றிருந்தார். வயரைப் பார்ப்பதுபோலக் குனிந்தார்.

"வயசையும் மாத்திருங்கக்கா."

முப்பத்திரண்டு என்று அவளுடைய வயதே இருந்தது. அவள் மூன்றை அழித்துவிட்டு ஆறு போட்டாள்.

அறுபத்திரண்டு.

எழுந்திருக்காமல் அந்த வயதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.